ராணித்தலைக் காசு காலத்துத் திருத்தணிப் பெண்கள்

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரு ராத்திரி போன் செய்தான். அவன் மனைவி அந்த ஊர்க்காரி. அவளுடைய பாட்டிக்குப் பாட்டி யார் என்று தேட உட்கார்ந்தானாம், ஒரே வாரத்தில் பாதி வாழ்க்கை கையில் வந்துவிட்டதாம். பிறந்த தேதி, தகப்பன் தொழில், பன்னிரண்டு வயதில் எந்த வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள், எந்தச் சர்ச்சில் கல்யாணம், எத்தனை பிள்ளை, எதனால் செத்தாள், எல்லாமே. "அத்தை, இதே மாதிரி நம்ம வீட்டுப் பாட்டியைத் தேட முடியுமா? ஊர்ல இருக்கறது நீங்கதானே" என்றான்.

முடியுமா, முடியாதா என்று உடனே சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேள்வி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் பழைய காகிதம் இருக்கிறதா என்றுதான் கண் போகிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது. நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837 ஜூன். அடுத்த மாதமே, ஜூலை 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசாங்கம் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டது. 1841லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை குடிக்கணக்கில் வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார்கள். 1851லிருந்து குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதும் சேர்ந்தது. முக்கியமான விஷயம், அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள். ராணி 1901 ஜனவரியில் இறக்கும்வரை ஒரு சாதாரணத் துணி வெளுக்கும் பெண்கூட பத்து வருஷத்துக்கு ஒருமுறை தன் பெயரோடு காகிதத்தில் வந்து நின்றுவிட்டுப் போகிறாள்.

நம் பாட்டிமார்களும் அதே ராணியின் குடிமக்கள்தான். அவள் முகம் நம் வீட்டிலும் இருந்தது. காசுமாலையில் கோத்த காசைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? பவுனாக இருந்தால் ராணியின் தலை இருக்கும். வெள்ளி ரூபாயாக இருந்தால் இன்னொரு நுணுக்கம். 1876 வரை அடித்த ரூபாயில் வெறும் ராணி என்று ஆங்கிலத்தில் இருக்கும், 1877லிருந்து சக்கரவர்த்தினி. அவள் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்ட சமயத்தில்தான் இங்கே தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனம் செத்த பஞ்சம் அது.

அந்தப் பஞ்சம்தான் எனக்குக் கிடைத்த முதல் தேதி. என் அம்மாவின் பாட்டியைப் பற்றி வீட்டில் சொல்லி வந்தது இவ்வளவுதான்: "தாது வருஷத்துல கைக்குழந்தை." தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்தது. ஆக, அவர் பிறந்தது 1875, 1876 வாக்கில். எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஒரு பிறந்த வருஷம் கிடைத்துவிட்டது. நம் வீட்டுக் கிழவிகள் சொல்லும் வருஷப் பெயரை அலட்சியம் செய்யாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதுதான் சிக்கல். பஞ்சம், புயல், ரயில் வந்தது, கோயில் கும்பாபிஷேகம் என்று கூடவே ஒன்றைச் சொல்லியிருப்பார்கள், அதை வைத்து எந்தச் சுற்று என்று பிடித்துவிடலாம்.

குடிக்கணக்கு இங்கேயும் எடுத்தார்கள். சென்னை மாகாணம் முழுவதற்குமாக 1871இல், பிறகு 1881, 1891, 1901. ஜாதி வாரியாக, மத வாரியாக, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை என்று பெரிய பெரிய அறிக்கைகள் இருக்கின்றன. ஆனால் வீடு வீடாகப் பெயர் எழுதிய தாள்களைக் கூட்டல் முடிந்ததும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கூட்டுத்தொகையில் என் கொள்ளுப்பாட்டியும் ஒன்று. எந்த ஒன்று என்றுதான் கேட்க முடியாது.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாகாணச் சட்டம் வந்தது 1899இல். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கிடைக்காது. கிடைத்தாலும் தகப்பன் பெயர் இருக்கும், குழந்தை ஆணா பெண்ணா என்று இருக்கும், குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே கணக்கில் ஏறிவிடுகிறதே.

இதில் திருத்தணிக்காரர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. நம் மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. ராணி காலத்தில் வடஆற்காடு ஜில்லா, அதற்குள் கார்வேட்டிநகர் ஜமீன். 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்த்தார்கள். 1953 அக்டோபரில் சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்குப் போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் சிபாரிசுக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திரும்பி வந்தோம். வந்தது செங்கல்பட்டு ஜில்லாவுக்கு. 1997இல் அது பிரிந்து திருவள்ளூர். ஆகவே ஒரே தெருவில், ஒரே வீட்டில் பிறந்து செத்த ஒரு பெண்ணைத் தேட வேலூர், சித்தூர், செங்கல்பட்டு, திருவள்ளூர், எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய பத்திரங்கள் நிறைய தெலுங்கில் இருக்கும். வயதான ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவது நல்லது. அந்தக் காலத்துக் கையெழுத்துத் தெலுங்கை இன்றைய பிள்ளைகளால் சட்டென்று படிக்க முடியாது.

இதே ஊரில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரிகிறது பாருங்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பள்ளிக்கூடம், கல்லூரி, மதிப்பெண், வேலை, கடிதம், மகன் சர்வபள்ளி கோபால் எழுதி 1989இல் வந்த பெரிய வாழ்க்கை வரலாறு. அவர் நடந்த தெருவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போன பெண்களில் ஒருத்தியையாவது அந்த அளவில் நூறில் ஒரு பங்கு நமக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான் என் ஆதங்கம்.

தேடத் தேட ஒன்று புரிந்தது. அந்தக் காலத்துச் சர்க்கார், பெண்ணைப் பெண் என்பதற்காக எழுதி வைக்கவில்லை. நிலம் கைமாற வேண்டும், வழக்கு வர வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடந்தால்தான் அவள் பெயர் மையில் விழும்.

கப்பலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னை ரொம்ப வருத்தியது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள், வடஆற்காடு ஜில்லாக்காரர்களும் அதில் உண்டு. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். ஊரில் இருந்தவரை எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு கூலிக்காரப் பெண், ஊரை விட்டுப் போகிற அன்றைக்கு முழுசாக எழுதப்படுகிறாள். ஓடிவிட்டால் பிடிக்க வேண்டுமே என்பதற்காகத்தான் தழும்பு வரை எழுதினார்கள். இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அந்த நம்பரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர்கள் பல சமயம் உருமாறித்தான் இருக்கும். உங்கள் கிராமத்துக்கு அப்படி யாராவது வந்து கேட்டால் தயவுசெய்து உட்கார வைத்துப் பேசுங்கள், ஊர்ப் பெயரை வாய்விட்டு இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது நிலம். ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் பெண்கள் பெயர் நாம் நினைப்பதைவிட அதிகம் வருகிறது. சீதனமாக வந்த கால் காணி, புருஷன் செத்தபின் பிள்ளைக்குக் காப்பாளராக நின்று விற்றது, நகையை வைத்து வாங்கிய அடமானம். பத்திரத்தில் 'இன்னார் பெண்சாதி', 'இன்னார் விதவை' என்றுதான் ஆரம்பிக்கும். கடைசியில் இடது கைப் பெருவிரல் ரேகை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் விரல் பட்ட இடம் அது ஒன்றுதான் மிச்சம் என்று நினைக்கும்போது அதைச் சாதாரணமாகப் புரட்டிவிட முடியாது. பதிவுச் சட்டப்படி மூன்றாம் புத்தகம் என்று ஒன்று தனியாக உண்டு, உயிலும் தத்தெடுக்கும் அதிகாரமும் அதில்தான் ஏறும். நிலத்துக்கான முதல் புத்தகத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். பெண்களைத் தேடுபவர்கள் மூன்றாவதை விடக்கூடாது.

இப்படிப் பார்த்துக்கொண்டே வரும்போது இன்னொரு வகைப் பத்திரம் தட்டுப்படும். அதில் பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை. 'இன்னாள் குமாரத்தி' என்று அம்மாவின் பெயர் போட்டிருக்கும். கோயில் தாசிகளின் பத்திரம். எனக்கு அங்கேதான் தேடலின் திசை மாறிப்போனது.

வம்சாவளி தேடுகிற எவரும் கொஞ்சம் யோசித்தால் தெரியும். நம் வீடுகளில் பெண்கள் வழி மூன்று தலைமுறைக்கு மேல் போகாது. அம்மாவின் அம்மாவின் அம்மா பெயர் என்ன என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொல்வது கஷ்டம். திதி கொடுக்கும் வீடுகளில் புரோகிதருக்காக மூன்று தலைமுறைப் பாட்டிகள் பெயரை வைத்திருப்பார்கள், அதுவும் ஆண் வழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். கோயில் தாசிகள் வந்த இசை வேளாளர் குடும்பங்களிலோ பாட்டி, அம்மா, மகள் என்றுதான் வம்சமே ஓடுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இருக்கும் 'எஸ்' அவர் அம்மா சண்முகவடிவு. பாலசரஸ்வதியைக் கேட்டால் அம்மா ஜெயம்மாள், பாட்டி வீணை தனம்மாள், அங்கிருந்து மேலே ஏறி தஞ்சாவூர் அரண்மனையில் ஆடிய பாப்பம்மாள் வரை ஏழு தலைமுறைப் பெண்கள் வரிசையாக வருவார்கள். விக்டோரியா காலத்துத் தமிழ்ப் பெண்ணைத் தேடுபவருக்கு இதைவிடத் தெளிவான வழி வேறு இல்லை.

நம் ஊருக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. திருத்தணியில் வாழ்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

பி. ரங்கநாயகி அம்மாள் நம் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் பொட்டுக் கட்டிக்கொண்ட கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர். 1947இல் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முன்னால் கோயிலில் பணி செய்தவர். அவரை வளர்த்து, ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய பாட்டி சுப்புரத்தினம்மா. அந்தப் பாட்டி நம் ராணித்தலைக் காசு காலத்துப் பெண். நெதர்லாந்திலிருந்து வந்து இங்கே நாட்டியம் கற்ற சஸ்கியா கெர்சன்பூம் என்ற ஆராய்ச்சியாளர் ரங்கநாயகி அம்மாளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். 1987இல் வந்த 'நித்யசுமங்கலி' என்ற அவருடைய புத்தகத்துக்கு ரங்கநாயகி அம்மாளின் நினைவுதான் ஒரு பெரிய தூண். திருத்தணிக் கோயில் தாசிகளின் பாட்டு வரிசையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்தபோது எனக்கு உண்டான பரவசத்தை எப்படிச் சொல்வது? நான் தேடிக்கொண்டிருந்தது பிறப்புத் தேதி, வயது, சர்வே நம்பர். இங்கே ஒரு பெண்ணின் வேலை நாள் முழுவதும் இருந்தது. அதுவும் பேத்தியின் தொண்டையில்.

எந்த வேளைக்கு என்ன பாட வேண்டும் என்று அதற்கு ஒரு ஒழுங்கு. சுவாமிக்குத் தீபாராதனை ஆனதும் கும்பாரத்தி. குடத்தின் மேல் விளக்கேற்றி மூன்று சுற்று சுற்றி, ஊர்க் கண்ணெல்லாம் பட்ட சுவாமிக்குத் திருஷ்டி கழிப்பது. அதைச் செய்யும் உரிமை தாசிக்குத்தான். சுவாமிக்கே வாழ்க்கைப்பட்டவள், தாலி அறாதவள், அதனால் அவள் கையால் சுற்றினால்தான் தோஷம் போகும் என்பது நம்பிக்கை. ஊஞ்சலுக்கு ஒரு பாட்டு, பள்ளியறைக்கு லாலி, சுவாமி வரும்போது எச்சரிக்கை, முடிவில் மங்களம். திருவிழா என்றால் வாகனத்துக்கு முன்னால் வீதியில் ஆட வேண்டும். கோயில் தவிர பெரிய வீட்டு விசேஷங்கள், கல்யாணங்கள், அங்கே வேறு வகைப் பாட்டுகள்.

ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கைப் பக்கம் காவடிக் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றிருப்பவர்களுக்கு நம் கோயிலின் சத்தம் என்னவென்று தெரியும். பம்பை, உடுக்கை, அரோகரா. அந்தச் சத்தத்துக்குள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சதங்கையும் இருந்தது என்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகன் கற்கண்டு போட்டதும், அவர் இங்கே முதல் கிருதி பாடியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அருணகிரிநாதர் தெரியும். தினம் தினம் பாடிய பெண்களின் பெயர்தான் தெரியாமல் போய்விட்டது.

பாட்டுகளின் மொழியைக் கவனித்தாலே ஊர் வரலாறு வந்துவிடுகிறது. தாசிகளின் பாட்டில் தெலுங்குப் பதங்களுக்குப் பெரிய இடம். கோயிலுக்குப் புரவலர்களாக இருந்த கார்வேட்டிநகர் ராஜாக்கள் தெலுங்கு இசையை வளர்த்தவர்கள். வேணுகோபாலன் மேல் பதங்கள் பாடிய சாரங்கபாணி அந்த ஊர்க்காரர். வர்ணங்களுக்குப் பெயர்போன கோவிந்தசாமய்யா சகோதரர்களும் அங்கேதான். மலை மேல் தமிழில் திருப்புகழ், கீழே அரண்மனையில் தெலுங்குப் பதம், இரண்டும் தெரிந்த பெண் நடுவில். 1950களில் இந்த ஊர் தமிழா தெலுங்கா என்று இரண்டு பக்கமும் சண்டை போட்டபோது, இரண்டையும் ஒரே மூச்சில் பாடத் தெரிந்தவர்கள் எங்கோ ஒதுங்கியிருந்தார்கள்.

சர்க்கார் காகிதத்தில் அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்த்தால் மனம் கசக்கிறது. நிலத்துக்காக வருகிறார்கள்: 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை விசாரித்துப் பதிவேடு எழுதியது. யாருக்கு யார் கொடுத்தது, எந்த ஊழியத்துக்கு, இப்போது யார் அனுபவிக்கிறார், வயது என்ன என்றெல்லாம் கலம் கலமாக இருக்கும். தாசி ஊழியத்துக்கான மானியங்களும் அதில் வந்தன. உங்கள் ஊர்க் கோயிலில் தாசிகள் இருந்திருந்தால் எழும்பூரில் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். வழக்குக்காக வருகிறார்கள்: 1878இல் கமலம் என்ற பெண், கோயிலில் பரம்பரையாக வரும் தாசி உரிமை தனக்குத்தான் என்று போட்ட வழக்கு சென்னை ஹைகோர்ட் தீர்ப்புத் தொகுதியின் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. தாசி தத்தெடுத்த மகளுக்குச் சொத்தில் உரிமை உண்டா என்று கேட்டபோது 1880இல் பம்பாய் ஹைகோர்ட் இல்லை என்றது, 1888இல் சென்னை ஹைகோர்ட் வழக்கம் இருக்கிறது, செல்லும் என்றது. அந்த எட்டு வருஷத்துக்குள் எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும்!

இன்னொரு பக்கம், 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின் கீழ், சின்னப் பெண்ணுக்குப் பொட்டுக் கட்டுவதைக் குற்றமாகப் பிடிக்க முடிந்தது. சொத்து வழக்கில் அவளுடைய வழக்கத்தை ஒப்புக்கொண்ட அதே கோர்ட்டு, குற்ற வழக்கில் அதே வழக்கத்துக்காகத் தண்டனை கொடுத்தது. 1893இல் சென்னைச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் கவர்னருக்கும் வைஸ்ராய்க்கும் மனு கொடுத்தார்கள், தாசிக் கச்சேரி நடக்கும் விருந்துகளுக்குப் போகாதீர்கள் என்று. சுப்புரத்தினம்மாவின் தலைமுறை ஆடிப் பாடிப் பேர் வாங்கிய காலம் இதுதான். மலை மேல் கும்பாரத்தி சுற்றிய கைக்கு மாகாணத் தலைநகரில் மரியாதை போய்க்கொண்டிருந்தது.

சட்டம் வந்தது சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். எட்டு வயதுப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு யாரும் பொட்டுக் கட்டவில்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தாயார் சந்திரம்மாளே அந்தக் குலத்தவர். வேதனையை உள்ளிருந்து அறிந்து பேசியவர் அவர். 1929இல் அவர் கொண்டுவந்த திருத்தத்தால் ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்களுக்கே நிற்க வழி பிறந்தது, அது எவ்வளவு பெரிய காரியம்! 1947இல் பொட்டுக் கட்டுவதே நின்றது. ஆனால் வழக்கத்தை நிறுத்தியபோது மனுஷியையும் சேர்த்து மறக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை நாம் செய்தோம். பிள்ளைகள் வெளியூர் போனார்கள், இனிஷியல் மாறியது, பழைய போட்டோ பரணுக்குப் போனது, பாட்டு எழுதிய நோட்டு எடைக்குப் போனது. இன்றைக்கு அந்த வீடுகளில் பிறந்த படித்த பிள்ளைகள் தங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால், அது அவர்கள் பிழை இல்லை. கேட்கிற நாம் எந்த முகத்தோடு கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு ஊரின் வேலை நாளை, இசையை, பக்தியை, இரண்டு மொழியை ஒரு பேத்திக்குள் பத்திரமாக வைத்துவிட்டுப் போன பெண்ணை நான் ஊர்ப் பெரியவர் என்றே நினைக்கிறேன். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்கிறோம். சுப்புரத்தினம்மாவும் ரங்கநாயகியும் பாடிய ஊர் என்றும் அதே குரலில் சொல்லலாம்.

என் அம்மாவின் பாட்டி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரங்கநாயகி அம்மாளைப் பற்றிப் படித்த பிறகு நான் தேடும் இடமே மாறிவிட்டது. காகிதத்தை விட்டுவிட்டுப் பெண்கள் கைப்பட்ட பொருள்களைத் தேட ஆரம்பித்தேன். சித்தி வீட்டுப் பரணில் இருந்த பித்தளை அடுக்கை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய தெலுங்கு எழுத்து. அவர் பெயர், அவருடைய அம்மா பெயர், ஊர். சீராகக் கொடுத்த அடுக்கு. வீட்டில் சிலருக்கு இஷ்டமில்லை என்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அந்த அம்மாவின் பெயர் எங்கள் யாருக்குமே தெரியாது! நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டோம், ஒரு பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. சித்தி அதைத் தடவிக்கொண்டே, "இதுலதாண்டி பொங்கலுக்கு அரிசி களைவோம், எழுத்து இருக்கறதே தெரியாது" என்றாள்.

அண்ணன் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அத்தை, இது சென்சஸைவிட மேல்" என்றான்.

அதற்குப் பிறகு எதெல்லாம் பெண்கள் பெயரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மொய் நோட்டில் தாய்மாமன் வரிசை இருக்கும், அதிலிருந்து பாட்டி பிறந்த வீடு எது என்று பிடிக்கலாம். ஜாதகத்தின் தலைப்பில் சில வீடுகளில் தாயார் பெயரும் எழுதியிருப்பார்கள். கோயில் படிக்கட்டிலும் விளக்கிலும் உபயம் என்று வெட்டியிருப்பதில் பெண் பெயர்கள் வருகின்றன. நம் மலைக்கு 365 படி என்பார்கள். ஏறும்போது இனி காலடியையும் கொஞ்சம் பாருங்கள், மேலே மேலே சிமெண்டும் பெயிண்டும் பூசப் பூச எழுத்து மறைந்துகொண்டே வருகிறது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது, அந்த வகையில் அவர்களுக்கு வழி சுலபம். அரக்கோணம் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பேரன்மார் ஆஸ்திரேலியாவிலிருந்து தேடும்போது அதைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

பெயர் எழுத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். ரத்னம்மா, ரத்தினம்மாள், இரத்தினம் மூன்றும் ஒருத்தியாகவே இருக்கலாம். எழுதின குமாஸ்தா எந்த மொழிக்காரர் என்பதைப் பொறுத்தது. வயதும் பத்திரத்துக்குப் பத்திரம் நான்கைந்து வருஷம் முன்பின் இருக்கும், அதை வைத்து வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் எண்பது தாண்டிய பெண்களிடம் போய் உட்காருங்கள். எந்த வருஷம் என்று கேட்காமல், "உங்க பாட்டி என்ன பாட்டுப் பாடுவாங்க? தூளி ஆட்டும்போது என்ன பாடுவாங்க? நலங்குக்கு என்ன பாடுவாங்க?" என்று கேளுங்கள். வருஷம் கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்பார்கள். பாட்டைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பாடுவார்கள், பாடி முடித்ததும் யாரிடம் கற்றது, அவள் எந்த ஊர்க்காரி, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று தானாக வரும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பேசியவர் பெயரையும் தேதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு அடுத்த வேலை சித்தூர். கொள்ளுப்பாட்டியின் அம்மா ஊர் இன்றைக்கு ஆந்திரப் பக்கம், நகரிக்கு அப்பால். ஜமீன் காலத்துக் கிராமக் கணக்கில் அந்த ஊர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நகரி, புத்தூர், கார்வேட்டிநகர் பக்கம் பழைய தெலுங்குப் பத்திரம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். திருத்தணியில் பழைய பாட்டு நோட்டு, சதங்கை, போட்டோ, எழுத்து வெட்டிய பாத்திரம் எதுவாக இருந்தாலும் பழைய பாத்திரக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.